முட்டு மாற்றிய பிறகு "லூசா இருக்கு" என்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்து வருகிறேன். முட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள்தான் என்னிடம் அதிகம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் செய்தவர்கள், நாகர்கோவிலில் தனியாரிடம் செய்தவர்கள், எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் செய்தவர்கள் என எல்லாரும் உண்டு. எங்கே செய்திருந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதிலும் "லூசா இருக்கு", "இளகிப் போச்சு" என்ற பயம் பலரைத் தூங்கவிடுவதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் முழங்காலை முட்டு என்றுதான் சொல்வோம். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதுதான் உங்களுக்கு முதல் வார்த்தை.

முட்டு மாத்துறதுன்னா எலும்பை மொத்தமா வெட்டி எடுத்துட்டு இரும்பு வைக்கிறதா?

இல்லை. தொடை எலும்பின் கீழ் முனையிலும் முட்டுக்குக் கீழே இருக்கிற கீழ்க்கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பை மட்டும் சீவி எடுக்கிறார்கள். சீவுகிற கனம் பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். மேலே ஒரு உலோகக் கவசம், கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎதிலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக் துண்டு. கவசத்தையும் தட்டையும் எலும்போடு ஒட்டுவது பெரும்பாலும் எலும்பு சிமெண்ட். சிலருக்கு முட்டுச்சிரட்டையின் (முட்டின் முன்னால் இருக்கிற மூடி எலும்பு) பின்பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைப்பார்கள்.

இன்றைக்குச் செய்கிற முறையின் அடிப்படை வடிவம் 1974-இல் நியூயார்க்கில் உருவானது. ஜான் இன்சால் என்ற மருத்துவரோடு அதில் வேலை செய்தவர்களில் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணவத்தும் ஒருவர். ஐம்பது வருடப் பழக்கம் உள்ள சிகிச்சை இது என்று தெரிந்தாலே பலருக்குப் பாதி பயம் போய்விடுகிறது.

ஜவ்வையும் எடுத்துருவாங்களா? அப்பம் முட்டு எதைப் பிடிச்சு நிக்கும்?

இந்தக் கேள்வி நல்ல கேள்வி, மீதி எல்லாம் இதில்தான் தொங்குகிறது. எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற நாரைத்தான் ஜவ்வு என்கிறோம். முட்டுக்குள் குறுக்காக இரண்டு, வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒவ்வொன்று. குறுக்கே இருக்கும் இரண்டில் முன்னால் உள்ளதைச் சாதாரணமாக எடுத்துவிடுவார்கள். பின்னால் உள்ளதை ஒரு வகைச் செயற்கை முட்டில் விட்டுவைப்பார்கள். இன்னொரு வகையில் எடுத்துவிட்டு, அதன் வேலையைச் செய்ய பிளாஸ்டிக் துண்டின் நடுவே ஒரு முளை வைப்பார்கள்.

பக்கவாட்டு ஜவ்வு இரண்டும் உங்களுடையதே. அவற்றைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். சாதாரணமாக வைக்கிற செயற்கை முட்டுக்குள் திருகாணியோ கீலோ கிடையாது, மேல் பாகம் கீழ் பாகத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை இடத்தில் நிறுத்துவது இந்த இரண்டு ஜவ்வும், அப்புறம் தொடைத் தசையும்தான்.

உள்ள டக் டக்குன்னு சத்தம் கேக்குது. இளகிப் போச்சா?

உலோகம் பிளாஸ்டிக்கில் தட்டுகிற சத்தம் அது. காலைத் தூக்கி வைக்கும்போது இரண்டு பாகமும் ஒரு மில்லிமீட்டரோ இரண்டு மில்லிமீட்டரோ விலகி, கால் ஊன்றும்போது மறுபடி சேரும். ராத்திரி வீடு அமைதியாக இருக்கும்போது நன்றாகவே கேட்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, கால் மடங்கி விழவில்லை என்றால் இந்தச் சத்தத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். தொடைத் தசை பலம் கூடும்போது பலருக்குச் சத்தம் குறைந்தும் போகிறது.

எனக்க முட்டு லூசா இருக்குன்னு சொன்னேன். டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு பறஞ்சிட்டார். அப்பம் நான் சொல்றது பொய்யா?

பொய் இல்லை. லூசு என்ற ஒரே வார்த்தையை நாம் நாலு காரியத்துக்குச் சொல்கிறோம், அதில்தான் குழப்பம் வருகிறது. டாக்டர் எக்ஸ்ரேயில் தேடியது உலோகம் எலும்பைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்பதை. சிமெண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு விழுந்து, அது மாதத்துக்கு மாதம் அகலமாகிக்கொண்டே போனால் அதுதான் உண்மையான இளகல். இது பெரும்பாலும் பல வருடம் கழித்து வருவது. சீக்கிரமே வந்தால் கிருமித் தொற்று இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பக்கவாட்டு ஜவ்வில் ஆட்டம். உலோகம் எலும்பில் கெட்டியாக இருக்கும், ஆனால் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே வேண்டியதைவிட இடம் இருக்கும். படுக்க வைத்து எடுக்கிற சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமலேயே போகலாம். கையால் காலைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால்தான் தெரியும், சில சமயம் அப்படி அழுத்திப் பிடித்தபடியே எக்ஸ்ரே எடுப்பார்கள். மூன்றாவது, தொடைத் தசைப் பலவீனம். முட்டில் ஒரு குறையும் இருக்காது, நிற்கும்போது மட்டும் "விட்டுப்போகிற மாதிரி" இருக்கும். நான்காவது, இத்தனை வருடம் வலியால் இறுகிக் கிடந்த முட்டு இப்போது சுதந்திரமாக அசைவதால் வருகிற புதுமை உணர்வு. அது சில மாதத்தில் பழகிவிடும்.

அதனால் டாக்டரிடம் "லூசா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், எந்த வேலையில், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். "படி இறங்கும்போது உள்பக்கம் நழுவுகிறது, சாயங்காலம் வீங்குகிறது" என்று சொன்னால் அவர் கை தானாகவே அந்த இடத்துக்குப் போகும்.

கொஞ்சம் டைட்டாவே வச்சிட்டா இந்தப் பிரச்சினையே வராதில்லியா?

நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலில் ஊறின பழைய அயினிமரக் கதவை நினைத்துப் பாருங்கள். தள்ளினாலும் சாத்தாது, சாத்தினால் திறக்காது. விவரம் தெரிந்த ஆசாரி அதற்காகவே நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நூல் இடம் விட்டிருப்பார். முட்டிலும் அந்த இடம் வேண்டும். அதிகம் இறுக்கி வைத்த முட்டு மடங்காது, முழுசாக நீளாது, ஓயாமல் வலிக்கும், பிளாஸ்டிக்கின்மேல் பாரமும் கூடும். இறுகின முட்டோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கும். கொஞ்சம் ஆட்டம் உள்ளவர்களை உடற்பயிற்சியால் தேற்றிவிடலாம், இவர்களுக்கு என் கையில் இருக்கிற வழிகள் குறைவு.

கடவுள் படைத்த முட்டே முழு இறுக்கம் கிடையாது. முட்டை மடக்கும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் உள்பக்கம் கெட்டியாகவும் இருப்பதுதான் இயற்கை. செயற்கை முட்டிலும் அதே கணக்குதான். பக்கத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வை உடம்பு ஏற்றுக்கொள்கிறது. வெளிப்பக்கத் தளர்வு பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை, உள்பக்கம் தளர்ந்தால்தான் நோயாளியின் திருப்தி குறைகிறது என்று ஜப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நான் வீடுகளில் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்த அளவை ஆபரேஷன் நேரத்தில் எப்படிப் பாக்கிறாங்க?

எலும்பைச் சீவிய பிறகு முட்டை நீட்டி வைத்து ஒரு தடவை, மடக்கி வைத்து ஒரு தடவை, நடுவில் உள்ள இடைவெளியை அளக்கிறார்கள். இரண்டு நிலையிலும் இடைவெளி ஒத்து வர வேண்டும். ஜவ்வு ஒரு பக்கம் சுருங்கியிருந்தால் அதைப் பதமாகத் தளர்த்துவார்கள். அப்புறம் மாதிரிப் பிளாஸ்டிக் துண்டை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல கனங்களில் துண்டுகள் உண்டு. மெல்லியது வைத்தால் ஆடும், தடித்தது வைத்தால் நீளாது. இந்த ஒரு துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் சர்ஜனின் கைப்பழக்கம் தெரிகிறது.

நம் ஆட்களில் பலருக்குக் கால் வில்போல வெளியே வளைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம். பத்துப் பதினைந்து வருடம் அப்படி நடந்ததில் உள்பக்க ஜவ்வு சுருங்கி, வெளிப்பக்க ஜவ்வு நீண்டுபோயிருக்கும். காலை நேராக்கிய பிறகும் வெளிப்பக்கம் கொஞ்சம் தளர்வு மிஞ்சலாம். இது சிலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே குறைகிறது.

ஏறும்போது ஒண்ணும் தெரியல்ல. இறங்கும்போதுதான் இப்பம் விழுவேன், இப்பம் விழுவேன்னு இருக்கு. ஏன்?

கேரளபுரம் பக்கத்தில் ஒரு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நம் பக்கத்து வீடுகளைப்போல மேட்டில் வீடு, ரோட்டுக்கு இறங்க வெட்டுக்கல்லில் பதினான்கு படி. ஏறும்போது ஒரு கையில் தண்ணீர்க்குடம்கூட எடுத்துக்கொண்டு வந்தார். இறங்கச் சொன்னேன். மாற்றிய காலை மேல்படியில் வைத்து, மற்றக் காலைக் கீழே கொண்டுபோகும்போது முட்டு சுமார் நாற்பது டிகிரி மடங்கியது. அந்த இடத்தில் தொடை நடுங்கத் தொடங்கியது. சிரட்டைக்கு மேலே உள்புறத் தசையில் என் விரலை வைத்திருந்தேன். இறுக வேண்டிய நேரத்தில் அது பஞ்சுபோல இருந்தது.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் முழு எடையையும் பிடித்து நிறுத்த வேண்டும். ஏறுவதைவிடக் கடினமான வேலை அது. அறுவை முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அதனால் முதல் மூன்று நான்கு மாதம் இந்தப் பயம் இருப்பது சகஜம். அந்த அம்மாவுக்கு ஒரு சின்னப் படியில் மெல்ல இறங்கும் பயிற்சியை மட்டும் பத்து வாரம் விடாமல் கொடுத்தோம். இப்போது கைப்பிடி பிடிக்காமல் இறங்குகிறார்.

ஆனால் இதே கதை இன்னொரு காரணத்தாலும் வரும். முட்டு நேராக இருக்கும்போது கெட்டியாக இருந்து, பாதி மடங்கியபோது மட்டும் ஆடுகிற ஒரு வகை உண்டு. அதற்கும் முதல் அடையாளம் படி இறங்குவதும் நாற்காலியில் இருந்து எழுவதும்தான்.

அப்பம் தசையா, ஜவ்வான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சில அடையாளங்கள் உண்டு. தசைப் பலவீனம் வாரத்துக்கு வாரம் குறையும். ஜவ்வு ஆட்டம் பயிற்சி செய்தாலும் அவ்வளவு சீக்கிரம் குறையாது. நடந்த அன்று சாயங்காலம் முட்டு வீங்கி, காலையில் வற்றி, மறுபடி நடந்தால் வீங்குவது ஜவ்வு ஆட்டத்தில் அடிக்கடி பார்ப்பது. முட்டுக்குக் கொஞ்சம் கீழே உள்பக்கத்தில் அழுத்தினால் வலிப்பதும் அப்படித்தான். தரை சமமில்லாத இடத்தில், ரப்பர் தோட்டத்துச் சரிவில் நடக்கும்போது கால் பக்கவாட்டில் நழுவுகிற மாதிரி இருந்தால் சொல்லுங்கள்.

இதை நான் பாடமாகக் கற்றது ஒரு தப்பிலிருந்து. சில வருடம் முன்னால் ஒரு அக்காவுக்கு ஏழு மாதம் "தசைதான், பயிற்சி செய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு நாளும் தவறாமல் செய்தார். வீக்கம் வற்றவே இல்லை. ஏழாவது மாதம்தான் முட்டைத் தொண்ணூறு டிகிரியில் மடக்கிவைத்து கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்தேன், கால் அளவுக்கு மீறி முன்னால் வந்தது. அன்றைக்கே சர்ஜனிடம் அனுப்பினேன். அந்த ஏழு மாதத்தில் அவர் தன்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவருக்கு மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் நானே டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நாலு மாசம் ஆச்சு, இன்னும் தொட்டா சூடா இருக்கு. தையல் பக்கத்துல உணர்ச்சியே இல்லை.

லேசான சூடும் சின்ன வீக்கமும் ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்வரை இருக்கும். கூடிக்கொண்டே போகாமல் குறைந்துகொண்டே வந்தால் சரி. தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவதற்குக் காரணம், தோலுக்குப் போகிற சின்ன நரம்புக்கிளை ஒன்று வெட்டுப்படுவது. பலருக்கு அந்த இடம் சுருங்கிச் சின்னதாகும், கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவும் நிற்கலாம். நடைக்கு அதனால் கெடுதல் இல்லை.

எல்லாரும் ஆபரேஷன் சக்சஸ்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் திருப்தியே இல்லை. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. உலகம் முழுவதும் பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில், முட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்வரை முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். எக்ஸ்ரே அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. டாக்டர் பார்ப்பது கோணமும் இடமும். நீங்கள் பார்ப்பது, ஆடியில் குலதெய்வக் கோவிலுக்கு நடந்து போக முடிகிறதா என்பதை.

திருப்தி குறைவதற்கு ஜவ்வு ஆட்டமும் ஒரு காரணம்தான், ஆனால் எதிர்பார்த்தது நடக்காமல் போவதுதான் பல ஆய்வுகளில் முன்னால் வருகிற காரணம். "பழையபடி ஓடலாம்" என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவருக்கு, வலியில்லாமல் வடசேரி சந்தைக்குப் போய்வருவது ஏமாற்றமாகத் தெரியும். அதே நிலையில் இருக்கிற இன்னொருவர் அதைப் பெரிய வரமாகச் சொல்வார். தேய்மானம் அதிகம் இல்லாதபோதே அறுவை செய்துகொண்டவர்கள், முதுகிலும் இடுப்பிலும் வேறு வலி உள்ளவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள் ஆகியோருக்கும் திருப்தி குறைவாக இருக்கிறது.

நோயாளியின் பார்வையை அளக்கவே கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டு கேள்வித்தாளில் 12 கேள்வி, 48 மதிப்பெண். இன்னொன்று, நாள் முழுவதும் எத்தனை தடவை உங்கள் முட்டு உங்கள் நினைவுக்கு வந்தது என்று கேட்கிறது. படுக்கையில், நடக்கும்போது, குளிக்கும்போது என்று போகும். முட்டு இருக்கிற நினைப்பே இல்லாமல் இருப்பதுதான் அதில் முழு மதிப்பெண். என்னைக் கேட்டால் அதுதான் சரியான அளவுகோல். ஒரு விஷயம், முதல் வருடம் முடியும்முன் தீர்ப்பு எழுதாதீர்கள்.

சர்ச்சில முட்டுக்குத்தி ஜெபிக்கலாமா? தரையில சம்மணம் போட்டு இருக்கலாமா?

நம் மாவட்டத்தில் இந்த முதல் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டர் தடை சொல்லாவிட்டால், மெத்தென்ற துணிமேல் முட்டுக்குத்துவது செயற்கை முட்டைக் கெடுக்காது. மரத்துப்போன தோலில் ஊன்றுவதால் விநோதமாக இருக்கும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் கட்டில்மேல் கைகளை ஊன்றிப் பழகுங்கள். குதிகால்மேல் பின்னால் உட்காருவது வேறு, அது வேண்டாம்.

சம்மணத்துக்கும் குத்தவைப்பதற்கும் 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், கால் திரும்பவும் வேண்டும். செயற்கை முட்டு சாதாரணமாக 110 முதல் 120 வரை மடங்கும். நாற்காலிக்கும் படிக்கும் அது தாராளம். பந்தியில் தரையில் இருக்க முடியாது என்பதை அறுவைக்கு முன்பே மனதில் ஏற்றுக்கொண்டவர்கள் பின்னால் வருத்தப்படுவதில்லை. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைப்பதை அறுவைக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

பால்வெட்டுக்குப் போகலாமா? வள்ளத்துல ஏறலாமா?

ரப்பர் பால்வெட்டு என்றால் விடியும்முன் தலையில் விளக்கோடு, ஈரச் சரிவில், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வது. கடல் வேலை என்றால் ஆடுகிற பலகையில் கால் நிலைகொள்ள வேண்டும். இரண்டிலும் முட்டு பக்கவாட்டில் இழுபடும். தசை தேறும் முன்பு இறங்கினால் ஜவ்வுக்கு நல்லதில்லை. குறைந்தது ஆறு மாதம் பொறுத்து, முதலில் சமதள வேலை, அப்புறம் சரிவு என்று போக வேண்டும். பிழைப்பு அதுதான் என்றால் அதை அறுவைக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லுங்கள். சிலருக்கு வேலையை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டிவரும், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

என்ன பயிற்சி செய்யணும்? எத்தனை நாள்?

முதல் வாரம் முதல் செய்வது: படுத்துக்கொண்டு முட்டைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணுவது, காலை நேராகத் தூக்குவது, குதிகாலை இழுத்து மடக்குவது. முட்டுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அந்த நேரம் சுகமாக இருக்கும், மடங்கினபடியே இறுகிப்போகும். தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில்.

ஆறு வாரம் முடிந்து வலி அடங்கியதும் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டத்தைக் குறைக்கிற பயிற்சியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழுவது, சின்னப் படியில் இறங்குவது, ஒற்றைக் காலில் சுவர் ஓரமாக நிற்பது. வாரம் நான்கைந்து நாள், குறைந்தது ஒரு வருடம். இடுப்புத் தசையையும் மறக்காதீர்கள், அது பலமாக இருந்தால் முட்டு உள்ளே சாயாது.

முட்டுல நீ கேப் உறை போட்டா இறுகுமா? ஆசான்கிட்ட எண்ணெய் போட்டுத் தடவலாமா?

மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கிற துணி நீ கேப் ஒரு தைரியம் தரும், ஜவ்வை இறுக்காது. வெளியே போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

வர்ம ஆசான்மார்மேல் நம் மாவட்டத்துக்கு இருக்கிற மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் உலோகம் வைத்த முட்டைப் பிடித்து மடக்கவோ, இழுக்கவோ, திருகவோ யாரையும் விடாதீர்கள். ஜவ்வு கிழிந்தால் பழையபடி ஆக்குவது கஷ்டம். தையல் முழுசாக ஆறிய பிறகு தொடையிலும் முதுகிலும் இதமாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ இருந்தால் அங்கே தடவவே கூடாது, இரத்தக்கட்டி இருக்கலாம்.

ரெண்டு முட்டும் மாத்தினேன். ஒண்ணு நல்ல டைட்டு, ஒண்ணு கொஞ்சம் தளர்வு. தளர்வானதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. இது சரியா?

சரிதான். இரண்டு முட்டும் மாற்றியவர்களிடம் எந்தக் கால் நன்றாக இருக்கிறது என்று கேட்ட ஆய்விலும் பலர் கொஞ்சம் தளர்வான காலைத்தான் காட்டினார்கள். மேலே கதவைப் பற்றிச் சொன்னது இதைத்தான். கொஞ்சம் தளர்ந்திருப்பது வேறு, நழுவுவது வேறு. வீக்கமும் நழுவலும் இல்லாத தளர்வை யாரும் சரிசெய்யப் போக வேண்டாம்.

ரோபோ வச்சு செஞ்சா, விலை கூடின முட்டு வச்சா, இந்த ஆட்டமே வராதா?

ரோபோ எலும்பைத் துல்லியமாகச் சீவ உதவுகிறது, இடைவெளியை எண்ணில் காட்டுகிறது. ஆனால் அதனால் நோயாளியின் திருப்தி பெரிதாகக் கூடுகிறது என்று இதுவரை தெளிவாக நிரூபணமாகவில்லை. எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்று முடிவெடுப்பது சர்ஜன்தான்.

விலையைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. பரவலாக வைக்கிற கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி தவிர 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600 ரூபாய் என்று அன்றைக்கு அறிவித்தார்கள். பில்லில் செயற்கை முட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடன் வாங்கி விலை கூடினதை வைத்தால் ஆட்டம் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. முதல்வர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் முதலில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

ஆட்டம் உண்மைதான்னு டாக்டரே சொல்லிட்டார். மறுபடி வெட்டணுமா?

உடனே வேண்டியதில்லை. முதலில் கிருமித் தொற்று இல்லை என்று இரத்தப் பரிசோதனையிலும், தேவைப்பட்டால் முட்டில் இருந்து நீர் எடுத்தும் உறுதிசெய்வார்கள். அப்புறம் மாதக்கணக்கில் தசைப் பயிற்சி, கெட்டியான பிரேஸ். இதிலேயே பலர் சமாளித்துவிடுகிறார்கள். அதன் பிறகும் நழுவினால்தான் மறு அறுவை. சிலருக்குப் பிளாஸ்டிக் துண்டை மட்டும் கனமானதாக மாற்றுவார்கள், ஆனால் காரணம் உலோகத்தின் நிலையிலோ அளவிலோ இருந்தால் அது மட்டும் போதாது. ஜவ்வே போய்விட்டால், பக்கவாட்டில் தானே பிடித்துக்கொள்கிற வகையோ கீல் உள்ள வகையோ வைக்க வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வலிக்குக் காரணம் என்னவென்று தெரியாமல் மறு அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். காரணம் தெரியாமல் செய்கிற இரண்டாவது அறுவை பெரும்பாலும் வலியைத் தீர்ப்பதில்லை. இன்னொரு சர்ஜனின் கருத்தையும் கேளுங்கள். முதல் டாக்டரை அவமதிப்பதாக ஆகாது.

எப்பம் ஒரு நாள்கூடப் பொறுக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

தையலில் நீர் கசிந்தால், காய்ச்சலோடு முட்டு சிவந்து வலி கூடினால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், விழுந்த பிறகு காலைத் தூக்கவே முடியாமல் போனால். சர்க்கரை உள்ளவர்கள் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். தொற்று என்ற சந்தேகத்தில், டாக்டரைக் காணும் முன் கையில் இருக்கிற ஆண்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும்.

இது எத்தனை வருஷம் உழைக்கும்?

2019-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றின் கணக்குப்படி, முழு முட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு 25 வருடம் கழித்தும் அதே முட்டு இருந்தது. எடை கூடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

நான் இன்னும் செய்யல்ல. சர்ஜனைப் பாக்கப் போறேன். என்ன கேக்கணும்?

போகும் முன்பு ஒரு தாளில் உங்களுக்கு மறுபடி செய்ய ஆசையுள்ள மூன்று காரியங்களை எழுதுங்கள். உங்கள் கையெழுத்திலேயே. அதைக் காட்டி, இதில் எது முடியும், எது முடியாது என்று கேளுங்கள். காலின் வளைவு எவ்வளவு, அதனால் ஜவ்வு எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது, பின்பக்க ஜவ்வை வைப்பீர்களா எடுப்பீர்களா, பிசியோ எத்தனை மாதம் என்பதையும் கேட்கலாம். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

போன மாதம் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பாட்டா (தாத்தா) இப்படி எழுதிக்கொண்டு போனார். கோழிக்கூட்டைத் திறந்துவிட வேண்டும், கொச்சுமோளை (பேத்தியை) பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும், குத்தவைத்துக் களை பறிக்க வேண்டும். மூன்றாவதை டாக்டர் அடித்துவிட்டு, பக்கத்தில் "சின்ன ஸ்டூல்" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவருக்கு அறுவை. ஸ்டூலை இப்போதே செய்து வைத்துவிட்டார், பலாப்பலகையில்.